பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து நீண்டகாலம் வெளிநாடு போகிறவர்களுக்கு

விசா கிடைத்த செய்தி வந்த கையோடு நம் வீடுகளில் நடக்கிற முதல் வேலை பெட்டி வாங்கப் போவதுதான். காத்தான்குடிக் கடைத்தெருவிலோ கல்முனை பசாரிலோ இருக்கிறதிலேயே பெரியதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வருவார்கள். பிறகு அதை நிரப்பச் சாமான் சேர்ப்பார்கள். கடைசியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில், கவுண்டருக்கு முன்னால் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை எடுப்பது, எதை விடுவது என்று தவிப்பார்கள். வழியனுப்ப வந்த தாய் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தவிப்பு வேண்டியதில்லை. முதலில் டிக்கெட்டைப் படியுங்கள். அடுத்து, கொண்டுபோகிற சாமானை விறாந்தையில் பரப்பி வைத்துப் பாருங்கள். அதன் பிறகு பெட்டி வாங்கப் போங்கள். முதல்முறை போகிற தம்பி தங்கைகளுக்கும், பிள்ளைகளிடம் போய்த் தங்கப்போகிற பெற்றோருக்கும் நான் சொல்லுகிற வரிசை இதுதான்.

டிக்கெட்டில் பார்க்க வேண்டியவை

சாமான் அளவை விமான சேவைகள் இரண்டு விதமாகக் கணக்கிடுகின்றன. வளைகுடா நாடுகளுக்குப் போகிற டிக்கெட்டுகளில் பெரும்பாலும் மொத்த எடை இருக்கும்: 20, 25, 30, 35 கிலோ என்று. அந்த எடையை ஒரு பெட்டியில் கொண்டுபோகலாம், இரண்டாகவும் பிரிக்கலாம். கனடா, அமெரிக்கா போகிற டிக்கெட்டுகளில் எண்ணிக்கைதான் கணக்கு. ஒரு பெட்டி அல்லது இரண்டு பெட்டி, ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒரு பெட்டியில் 26, மற்றதில் 20 என்று வைத்துவிட்டு ‘மொத்தம் 46தானே’ என்று அங்கே வாதாட முடியாது. 26 கிலோ பெட்டிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள்.

மொத்த எடை 40 கிலோ என்றிருந்தாலும் ஒரே பெட்டியில் அத்தனையையும் அடைக்க முடியாது. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் அநேகமான விமான சேவைகள் ஏற்பதில்லை. தூக்கி ஏற்றுகிற தொழிலாளர்களின் முதுகைக் காப்பதற்காக வந்த வரம்பு அது. ஆகவே காசு கட்டத் தயாராக இருந்தாலும் விடமாட்டார்கள்.

அளவுக்கும் வரம்பு உண்டு. நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் கூட்டினால் 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான விதி. கடையில் ‘28 அங்குலம்’ என்று ஒட்டியிருக்கிற பெட்டிகளில் சில்லையும் கைபிடியையும் சேர்த்து அளந்திருக்கிறார்களா என்று தெரியாது. அளவு நாடா ஒன்றைக் கொண்டுபோய் நீங்களே அளந்து பாருங்கள். நடுவில் இன்னொரு சிப் வைத்து விரிக்கிற பெட்டி என்றால், விரித்த நிலையில் அளக்க வேண்டும். நாலைந்து சென்ரிமீற்றர் கூடிவிடும், பெட்டியும் வயிறு தள்ளி நிற்கும்.

இடையில் விமானம் மாறுகிறவர்கள், முக்கியமாக இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்தவர்கள், இரண்டிலும் எது குறைந்த எடையோ அதற்கேற்பக் கட்டுங்கள். மலிவு விமான சேவைகளில் சாமானுக்கான காசு டிக்கெட்டில் சேர்ந்திருக்காது. அதை முன்கூட்டியே இணையத்தில் கட்டிவிட்டால் விமான நிலையத்தில் கட்டுவதை விடக் குறைவாக முடியும்.

ஒரு பெரிய பெட்டியை விட இரண்டு நடுத்தரப் பெட்டிகள்

நம்முடைய பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. அக்கரைப்பற்றிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ போகிறவருக்கு முதல் பயணம் ஓர் இரவு முழுக்க வான் வண்டியில். அம்பாறை மாவட்டத்தில் ரயில் பாதையே இல்லை. மட்டக்களப்புக்காரர் ரயிலில் போனாலும் பெட்டியை ரயிலில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், பிறகு விமான நிலையத்துக்கு இன்னொரு வாகனம் பிடிக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் போகிறவர்களுக்கு இதோடு மழையும் சேரும். வானின் கூரையில் கட்டிய துணிப் பெட்டி பொலனறுவை தாண்டுவதற்குள் நனைந்து கனத்துவிடும். உள்ளே இருக்கிற உடுப்பெல்லாம் ஈரம், தராசில் எடையும் கூட.

அந்தப் பக்கம் போய் இறங்கினால் கட்டாரில் தொழிலாளர் விடுதி, அல்லது லண்டனில் லிப்ட் இல்லாத வீட்டின் மாடி. 29 அங்குலப் பெட்டியை 30 கிலோவோடு மாடிப்படியில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது விளங்கும். 24, 25 அங்குலத்தில் இரண்டு பெட்டிகள் என்றால் ஒவ்வொன்றாகத் தூக்கலாம், வானில் இருக்கைக்குப் பின்னால் செருகலாம், எடையைப் பிரிக்கலாம். ஒன்று வராமல் பிந்தினாலும் மற்றது கையில் இருக்கும். அதனால் இரண்டிலும் கலந்து அடுக்குங்கள். உடுப்பு முழுக்க ஒன்றில், சாப்பாடு முழுக்க மற்றதில் என்று வைத்தால் இரண்டு பெட்டி வாங்கியதன் பயன் பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு பெட்டிதான் அனுமதி என்றால் 26 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். 23 கிலோ அனுமதிக்கு அது தாராளமாகப் போதும். பெரிய பெட்டி வெறுமையாகவே நாலரை, ஐந்து கிலோ இருக்கும். அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். 20 கிலோ அனுமதியில் ஐந்து கிலோ பெட்டிக்கே போய்விட்டால் மிச்சம் என்ன?

கெட்டி ஓடா, துணியா

கெட்டி ஓட்டுப் பெட்டிகள் கடையில் எல்லாம் ஒரே மாதிரி மினுங்கும். உள்ளே பொருள் வேறு. விலை குறைந்தவை அநேகமாக ஏ.பி.எஸ். பிளாஸ்ரிக். அது விறைப்பானது, குளிரிலோ வேகமாக விழுந்தாலோ மூலையில் வெடிக்கும். பொலிகாபனேட் வளைந்து கொடுத்துப் பழைய நிலைக்குத் திரும்பும். பொலிப்ரொப்பிலீனும் அப்படியே, எடையும் குறைவு. பெட்டிக்குள் ஒட்டியிருக்கிற தாளில் எந்தப் பொருள் என்று போட்டிருக்கும். போடாவிட்டால், பெட்டியைப் படுக்க வைத்து நடுவில் உள்ளங்கையால் அழுத்துங்கள். உள்ளே போய்ச் சத்தமில்லாமல் திரும்பி வந்தால் நல்லது. நொறுங்குகிற மாதிரிச் சத்தம் வந்தாலோ அமுங்கவே மறுத்தாலோ இன்னொன்றைப் பாருங்கள்.

துணிப் பெட்டியில் நைலோன் நல்லது, தடித்த பொலியெஸ்டர் பரவாயில்லை. துணி நூலின் தடிப்பை டெனியர் என்ற எண்ணால் சொல்வார்கள். இலக்கம் கூடக் கூட நூல் தடிக்கும். மூலைகளில் றப்பர் அல்லது பிளாஸ்ரிக் காப்பு தைத்திருக்க வேண்டும், ஏனென்றால் கிழிசல் தொடங்குவது மூலையில்தான்.

மழையையும் போத்தல் உடைவதையும் நினைத்தால் கெட்டி ஓடு. ஆனால் வளைகுடாவில் ஓர் அறையில் பலரோடு இரண்டு வருடம் இருக்கப்போகிறவருக்கு நான் துணிப் பெட்டியைத்தான் சொல்வேன். கெட்டிப் பெட்டிகளில் அநேகமானவை நடுவால் இரண்டாகப் பிளந்து திறப்பவை. தரையில் விரித்தால் ஒரு பாய் அளவு இடம் வேண்டும். அடுக்குக் கட்டில் போட்ட அறையில் அந்த இடம் இருக்காது. துணிப் பெட்டிக்கு மேல்மூடி மட்டும் திறக்கும். கட்டிலுக்கு அடியிலிருந்து பாதியளவு இழுத்து, தேவையானதை எடுத்துக்கொண்டு, திரும்பத் தள்ளிவிடலாம். அங்கே பெட்டிதான் உங்கள் அலுமாரி. மழைக்குப் பயந்தால் உடுப்பையெல்லாம் தடித்த பொலித்தீன் பைகளில் போட்டு அடுக்குங்கள், அல்லது பெட்டிக்கு மேலுறை போடுங்கள்.

சில்லு, கைபிடி, சிப்

பெட்டி பழுதாகிறது என்றால் இந்த மூன்றில் ஒன்றுதான் பழுதாகிறது. ஆனால் கடையில் பெரும்பாலோர் பார்ப்பது நிறத்தை.

நாலு சில்லுப் பெட்டி விமான நிலையத்துப் பளிங்குத் தரையில் ஒரு விரலால் தள்ளினாலே ஓடும். நம் ஊர்க் கிறவல் ஒழுங்கையில், கடற்கரைப் பக்கத்து மணலில் அது ஓடாது. சின்னச் சில்லுகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் பெட்டியை எறியும்போது முதலில் முறிவதும் அவைதான். இரண்டு சில்லுப் பெட்டியில் சில்லு பெரிதாக, பாதி உள்ளே புதைந்திருக்கும். சரித்து இழுத்தால் கல்லிலும் படியிலும் ஏறும். பெற்றோர் போவதாக இருந்தால் நாலு சில்லு எடுங்கள், அவர்கள் சரித்து இழுக்க வேண்டியிருக்காது. இளையவர்கள், அடிக்கடி அறை மாறக்கூடிய மாணவர்கள், இரண்டு சில்லைத் தாராளமாக எடுக்கலாம். எதுவானாலும் சில்லு ஆணியால் தறையப்படாமல் ஸ்குருவால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்குரு என்றால் பிறகு கழற்றி மாற்றலாம்.

கைபிடியை முழு நீளத்துக்கு இழுத்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடுவது வழமை. தாளம் போடுகிற அளவுக்கு ஆடினால் வேண்டாம். மேலேயும் பக்கத்திலேயும் இருக்கிற தூக்கு பிடிகளைப் பிடித்து, கடைக்காரரிடம் கேட்டு உள்ளே ஏதாவது பாரம் வைத்து, இரண்டு கையாலும் தூக்கிப் பாருங்கள். நம்மவர்கள் கட்டுகிற எடைக்கு அங்கே தையலும் ஆணியும் தாங்க வேண்டும். ஒரு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதற்குக் கடைக்காரர் முகம் சுழித்தால் பக்கத்துக் கடைக்குப் போங்கள்.

சிப்பை மூலைகளில் நாலைந்து தடவை வேகமாக ஓட்டிப் பாருங்கள். சிக்கினால் புதுப் பெட்டியிலேயே சிக்குகிறது என்று அர்த்தம், எண்ணெய் பூசினால் சரியாகும் என்கிற பேச்சுக்கு இடம் கொடுக்க வேண்டாம். சிப் வைத்த பெட்டிக்குப் பூட்டுப் போட்டால் பத்திரம் என்று நினைப்பதும் சரியில்லை. சிப்பின் பற்களுக்கு நடுவே ஒரு போல்பொயின்ற் பேனாவைக் குத்தி இழுத்தால் அது பிளந்து திறக்கும். பிறகு பூட்டோடேயே சிப்பின் தலையை ஒரு சுற்று ஓட்டினால் தடயமில்லாமல் மூடிக்கொள்ளும். அதனால் நகை, காசு, கல்விச் சான்றிதழ்களின் மூலப்பிரதி எதுவும் பெரிய பெட்டிக்குள் போகக் கூடாது. அமெரிக்கா போகிறவர்கள் மட்டும், அங்கே அதிகாரிகள் தங்கள் திறப்பால் திறக்கக்கூடிய டி.எஸ்.ஏ. பூட்டு உள்ள பெட்டி எடுங்கள். வேறு பூட்டென்றால் உடைத்துப் பார்ப்பார்கள்.

அலுமாரிக்கு மேல் இருக்கிற பழைய பெட்டி

மாமா சவூதியால் வந்தபோது கொண்டுவந்த நல்ல பெட்டி இருக்கிறது, புதிது எதற்கு என்று வீட்டில் சொல்வார்கள். நல்ல யோசனைதான். ஆனால் பார்த்துவிட்டு எடுங்கள். நம் கடற்கரை ஈரக்காற்றில் சும்மா கிடக்கிற பெட்டி உள்ளுக்குள்ளேயே உக்கிவிடும். சில்லைச் சுற்றியிருக்கிற பொலியூரித்தேன் ஈரத்தில் சிதையும். பார்வைக்கு முழுசாகவே இருக்கும், நகத்தால் கீறினால் பிசுபிசுவென்று பிய்ந்து கையில் ஒட்டும். அப்படிப்பட்ட பெட்டியில் பாரத்தை ஏற்றினால் பஸ் நிலையம் போவதற்குள் வெறும் இரும்பு தரையில் உராயும். உள்பக்கத் துணியின் பூச்சு தூளாக உதிர்ந்து உடுப்பெல்லாம் ஒட்டும். பெட்டிக்குள் இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்து முற்றத்தில் நாலு சுற்று இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

இரவல் பெட்டியென்றால் உள்துணியின் சிப்பைத் திறந்து, பின்புறம் முழுவதும் கையால் தடவிப் பாருங்கள். யார் எதை எப்போது அதற்குள் வைத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பழைய பயணத்தின் பார்கோட் தாள்கள் ஒட்டியிருந்தால் ஒன்றுவிடாமல் கிழித்துவிடுங்கள். இயந்திரம் பழைய தாளைப் படித்துப் பெட்டியை வேறெங்காவது அனுப்பக்கூடும்.

அட்டைப்பெட்டியைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்பவர்களுக்கு: அட்டை மழைக்குத் தாங்காது என்பது ஒரு பக்கம். டுபாய் விமான நிலையம் 2017 மார்ச் மாதத்திலிருந்து ஒரு தட்டையான பக்கமாவது இல்லாத உருண்டைப் பொதிகளையும் ஒழுங்கில்லாத மூட்டைகளையும் ஏற்பதில்லை. உம்றா முடித்து ஜித்தாவால் திரும்புகிறவர்களுக்கும் இதே பிரச்சினை வரும், துணியால் சுற்றிய பொதியையும் கயிறு கட்டிய பொதியையும் அங்கே மறுப்பார்கள். ஸம்ஸம் தண்ணீரைப் பெட்டிக்குள் வைக்க முடியாது. அதற்கென்று அடைத்து விற்கிற ஐந்து லீற்றர் கலனாகத் தனியே கொடுக்க வேண்டும்.

கைப்பை

கையில் கொண்டுபோகிற பைக்கு பெரும்பாலும் 7 கிலோ வரம்பு. சில்லு வைத்த சின்னப் பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ. அதனால் நீண்டகாலத்துக்குப் போகிறவருக்கு முதுகுப்பைதான் சரி. ஒரு கிலோவுக்குள் முடியும், இரண்டு கையும் பெட்டிகளை இழுக்க மிச்சமாக இருக்கும். தோள்பட்டி அகலமாக, உள்ளே மடிகணினிக்குத் தனி அறையோடு, 30 முதல் 40 லீற்றர் கொள்ளளவில் எடுங்கள்.

பெரிய பெட்டிகள் ஒரு கிழமை வராவிட்டாலும் சமாளிக்கக்கூடிய சாமான் இதற்குள் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு, விசா, வேலை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழகக் கடிதம், எல்லாவற்றின் நகல், மருந்து, மருத்துவரின் சீட்டு, ஒரு மாற்று உடுப்பு, போன் சார்ஜர். கோடீன், ட்ரமடோல் போன்ற வலி மருந்துகள் அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. நம்மூர் மருந்துக் கடையில் வாங்கியதென்றாலும் சீட்டில்லாமல், அங்கத்தைய அனுமதி பற்றி விசாரிக்காமல் கொண்டுபோக வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறந்து எடுப்பார்கள். மின்கலத்தின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் பொதுவாகத் தடையில்லை. சாதாரண 20,000 மில்லி அம்பியர்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான். 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமான சேவையின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் கொண்டுபோகவே முடியாது. போனுக்கு சார்ஜ் ஏற்றுகிற மின்கலம் பொருத்திய ‘ஸ்மார்ட்’ பெட்டிகளும் இப்போது விற்கிறார்கள். மின்கலத்தைக் கழற்ற முடியாத பெட்டி என்றால் வாங்க வேண்டாம்.

உம்மாவும் அம்மாவும் வைக்கிற சாமான்

பெட்டி கட்டி முடிந்த பிறகு குசினியிலிருந்து ஒரு குரல் வரும்: “மனே, இந்தச் சீனிச்சம்பலையும் ஒரு மூலைல வெச்சிக்க.” அதற்கு இடம் விட்டே கட்டுங்கள், இரண்டு கிலோவாவது. அந்தப் போத்தலைத் திறக்கிற நாளில் அதன் அருமை தெரியும்.

போத்தலின் வாயைப் பொலித்தீன் போட்டு இறுக்கி, டேப் சுற்றி, மருதமுனைச் சாரம் ஒன்றில் உருட்டி, பெட்டியின் நடுவில் வையுங்கள். ஓரத்தில் வைத்தால் அடிபடும். கருவாட்டுக்கு இரண்டு அடுக்குப் பொலித்தீனும், அதற்கு மேல் காற்றுப் புகாத டப்பாவும் வேண்டும். சட்டித் தயிரை ஊரிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள். இறைச்சியும் பால் பொருட்களும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் கொண்டுபோகத் தடை. அவுஸ்திரேலியா போகிறவர்கள் சாப்பாட்டுச் சாமான் எதுவானாலும் வருகை அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். மறைத்தால் தண்டம். கசகசா அமீரகத்திலும் சவூதியிலும் தடைசெய்யப்பட்டது. மசாலாப் பொட்டலத்தில் கலந்திருந்தாலும் பிரச்சினைதான். வெற்றிலையும் அமீரகத்துக்கு ஆகாது, வெற்றிலை போடுகிற பெரியவர்களுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர் தருகிற மூடிய பார்சலைப் பற்றி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஊரவர், சொந்தக்காரர், நல்ல மனிதர், எல்லாம் சரி. உங்கள் பெயரில் போகிற பெட்டிக்குள் இருப்பதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. அவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்து, நீங்களே திரும்பக் கட்டுங்கள். பிரிக்க வேண்டாம் என்று சொன்னால் வாங்க வேண்டாம். மனம் நோகும் என்று தயங்காதீர்கள். வளைகுடாச் சிறைகளில் இப்படிப்பட்ட பார்சலுக்காக ஒரு பிள்ளையும் வாட வேண்டியதில்லை.

புறப்படுவதற்கு முதல்நாள், போய் இறங்கிய நாள்

தொங்கு தராசு ஒன்று வாங்கிவிடுங்கள், சின்னது போதும். திரும்பி வரும்போதும் உதவும். இல்லையென்றால் பெட்டியோடு ஆளும், பிறகு ஆள் மட்டுமாக எடை பார்த்துக் கழியுங்கள். விமான நிலையத் தராசு கொஞ்சம் வேறுபடலாம், அதனால் அனுமதியை விட ஒரு கிலோ குறைவாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் உள்ளே இருப்பதையும், மூடிய பின் நாலு பக்கத்தையும் போனில் படம் எடுங்கள். பெயர், மின்னஞ்சல், நீங்கள் போகிற நாட்டில் இருக்கிற ஒருவரின் தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை வெளியே தொங்கும் அட்டையிலும், தனியாக ஒரு தாளில் உள்ளேயும் எழுதி வையுங்கள். அட்டை பிய்ந்துபோனாலும் உள்ளே இருக்கிற தாள் பேசும். கறுப்புப் பெட்டி வாங்கியவர்கள் பக்கத்தில் பளிச்சென்ற நிற டேப்பை அகலமாக ஒட்டுங்கள். தொங்குகிற ரிபன் இயந்திரத்தில் சிக்கும்.

கட்டுநாயக்கவில் பெட்டியைக் கொடுத்ததும் தருகிற சின்னத் தாள் துண்டைக் கடவுச்சீட்டுக்குள் வைத்துப் பாதுகாருங்கள். அதில் எழுதியிருக்கிற மூன்று எழுத்து நீங்கள் போகிற ஊருடையதுதானா என்று அந்த இடத்திலேயே பாருங்கள். தோகாவுக்கு டி.ஓ.எச்., டுபாய்க்கு டி.எக்ஸ்.பி.

இறங்கிய இடத்தில் பெட்டி வரவில்லை என்றாலோ உடைந்து வந்தாலோ, அந்த மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்கு முன் சாமான் உதவி மேசைக்குப் போய் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். மொழி வராவிட்டால் போனில் இருக்கிற படத்தைக் காட்டுங்கள். 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கைப்படி, உடைந்த பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், பிந்தி வந்த பெட்டிக்கு அது கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். நட்டஈட்டின் உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது சுமார் 2,000 அமெரிக்க டொலர். அது உச்சவரம்புதான், இழந்ததை நிரூபிக்கிற அளவுக்கே தருவார்கள். பெட்டி வாங்கிய பற்றுச்சீட்டையும், காத்திருக்கிற நாட்களில் உடுப்பும் சவர்க்காரமும் வாங்கிய பற்றுச்சீட்டுகளையும் அதற்காகவே சேர்த்து வையுங்கள்.